வியர்வைத் துளியோடு சிரித்த முகம்

ஆடிக் கிருத்திகைக்கு மலையடிவாரத்தில் கடைகள் போட்டுவிட்டார்கள். நான் வேலை செய்யும் கடையின் பிரின்டருக்கு டோனர் வாங்கிக்கொண்டு திரும்பும்போது பூக்காவடிக் கூட்டத்தில் மாட்டிக்கொண்டேன். முன்னும் போக முடியவில்லை, பின்னும் போக முடியவில்லை. நின்ற இடத்தில் ஒரு தள்ளுவண்டி. அதில் பஞ்சு அடைத்த மஞ்சள் முகங்களைக் கொத்துக்கொத்தாகத் தொங்கவிட்டிருந்தார்கள். ஒன்று கண்ணடித்தது, ஒன்று நாக்கை நீட்டியது, ஒன்று கண்ணிருக்கும் இடத்தில் இதயங்களை வைத்துக்கொண்டு சிரித்தது.

"எது வோணும்க்கா? எல்லாம் ஒரே ரேட்டுதான்" என்று வண்டிக்காரர் கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் அவரே ஒன்றை எடுத்து என் கையில் வைத்தார். வாயை விரித்துச் சிரிக்கும் முகம், நெற்றியோரத்தில் ஒரு நீலத் துளி.

"இதான் நல்லா போவுது. எப்பவும் சிரிச்சிகினே இருக்கும்."

சூடான பாத்திரத்தைத் தொட்டவள் போல அதைத் திருப்பிக் கொடுத்தேன். விலைக்காகத்தான் தயங்குகிறேன் என்று நினைத்து அவர் குறைத்துச் சொன்னார். நான் கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். உன் நம்பர் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. உன் வீட்டுக்காரர் அதற்கு ரீசார்ஜ் செய்துகொண்டே இருக்கிறார். அதற்கு நான் எழுதினால் அவர் படித்துவிடுவார். அவர் படிக்கக்கூடாத ஒன்றைத்தான் நான் எழுதப்போகிறேன். ஆகவே தாளில் எழுதுகிறேன்.

நமக்கு முதலில் கிடைத்த முகத்துக்கு நிறமே இல்லை, உனக்கு ஞாபகம் இருக்கும். ஒரு முக்காற்புள்ளி, பக்கத்தில் ஓர் அடைப்புக்குறி, அவ்வளவுதான். கம்ப்யூட்டர் வகுப்பு முடிந்ததும் ஸ்டேஷன் ரோட்டிலிருந்த பிரவுசிங் சென்டருக்குப் போவோம். பிளைவுட் தடுப்புகளுக்குள் ஆளுக்கொரு கம்ப்யூட்டர். உலகத்தில் இருக்கிறவர்களோடு எல்லாம் பேசலாம் என்று சொல்லித்தான் அழைத்துப் போனாய். கொஞ்ச நாளிலேயே ஊர் பேர் தெரியாதவர்களின் கேள்விகள் அலுத்துப்போய், அடுத்தடுத்த தடுப்பில் உட்கார்ந்துகொண்டு நாமே நம்மோடு பேச ஆரம்பித்தோம்.

அந்தக் குறியை நீதான் முதலில் அனுப்பினாய். எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஏதோ தப்பான சாவியை அழுத்திவிட்டாய் என்று நினைத்தேன். தடுப்புக்கு மேலே எழும்பி நீ சொன்னாய்: "எஸ்தரு, தலைய சாய்ச்சிப் பாருடி. மூஞ்சி தெரியும்."

சாய்த்துப் பார்த்தேன். நிஜமாகவே ஒரு மூஞ்சி சிரித்தது. சென்டர் வைத்திருந்தவர் நம் இரண்டு பேரையும் பார்த்து, "கழுத்து சுளுக்கிகினு போவப் போறீங்கம்மா" என்றார்.

ஒருநாள் நீ எதையோ எழுத, நான் விளையாட்டாக "போடி" என்று தட்டினேன். அடுத்த நிமிஷம் நாற்காலி இழுபடும் சத்தம். நீ பையை எடுத்துக்கொண்டு தெருவுக்கே போய்விட்டாய். ஓடிவந்து பிடித்தால் கண் கலங்கியிருக்கிறது.

"சிரிச்சிகினுதாண்டி சொன்னேன்."

"அது எனக்கெப்படித் தெரியும்? நடுவுல பலகை கீது. எழுத்துல உன் மூஞ்சியா தெரியுது?"

கே.ஜி.கண்டிகை பஸ் வரும்வரை நின்று நாம் ஒரு சட்டம் போட்டோம். திட்டி எழுதினால் பின்னால் சிரிப்புக் குறி போட வேண்டும். போடாவிட்டால் நிஜமான கோபம் என்று அர்த்தம். அந்தச் சட்டத்தை நாம் வருஷக்கணக்கில் மீறவில்லை.

பிறகு கம்ப்யூட்டரில் நிறம் வந்தது. குறியைத் தட்டினால் அதுவே உருண்டு மஞ்சள் முகமாகியது. அதில் ஒரு முகம் தரையில் புரண்டு சிரிக்கும். அதை அனுப்புவதற்கென்றே நீ ஏதாவது ஜோக் கேட்பாய். உனக்கு நகரியில் மாப்பிள்ளை பார்த்தபோது, பெண் பார்க்க வந்தவர்களைப் பற்றி ஒரு வார்த்தைகூட எழுதாமல், வெட்கப்படும் முகத்தை ஒரு வரி முழுக்க நிரப்பி அனுப்பினாய். நான் அதைப் பார்த்துத்தான் உனக்குச் சம்மதம் என்று தெரிந்துகொண்டேன்.

கல்யாணம் ஆனதும் நம்மிடம் மிஞ்சியது பட்டன் போன்தான். மறுபடியும் புள்ளியும் வளைவும். உன் மாமியார் வீட்டில் எல்லோரும் தெலுங்கு பேசுவார்கள். உனக்குப் பாதிதான் புரியும். மத்தியான வேளையில் எனக்கு எஸ்.எம்.எஸ். அனுப்புவாய்: இன்றைக்கு என்ன சமைத்தாய், தறிச் சத்தத்தில் எப்படித் தலைவலிக்கிறது. எல்லாவற்றின் பின்னாலும் சிரிப்புக் குறி இருக்கும். தலைவலிக்குக்கூடவா சிரிப்பு என்று ஒருமுறை கேட்டேன். "அழுதுகினே எழுதினா நீயும் படிக்க மாட்டடி" என்று எழுதினாய். அதற்குப் பின்னாலும் ஒரு சிரிப்பு.

அப்படிப்பட்டவளிடமிருந்து ஒருநாள் காலையில் வேறொன்று வந்தது. எழுத்தே இல்லை. முக்காற்புள்ளி, அதன் பக்கத்தில் எதிர்ப்புறமாகத் திரும்பிய அடைப்புக்குறி. வாய் கீழே வளைந்த முகம்.

நான் அப்போதுதான் டி.டி.பி. கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். கல்யாணப் பத்திரிகை ஒன்றைப் பாதி அடித்திருந்தேன். அப்படியே விட்டுவிட்டு முதலாளியிடம் சொல்லிக்கொண்டு நகரி பஸ் ஏறிவிட்டேன். உன் வீட்டுக் கதவைத் தட்டும்போது என்ன கேட்பது என்றுகூடத் தெரியாது. உள்ளே நீ சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாய். வயிற்றிலிருந்த முதல் குழந்தை முந்தின நாள் இரவு போய்விட்டிருந்தது.

என்னைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்தாய். "எப்படிடி வந்த?"

"நீ கூப்பிட்டியே."

"நான் எங்கடி கூப்பிட்டேன்? ரெண்டு புள்ளி ஒரு வளைவு போட்டேன்."

அப்புறம்தான் அழுதாய். உன் மாமியார் எனக்குக் காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, தெலுங்கில் ஏதோ சொல்லி என் தலையைத் தொட்டார். அது இன்னும் என் மனசில் இருக்கிறது. இருப்பதுதான் வலிக்கிறது. இரண்டு புள்ளியையும் ஒரு வளைவையும் படிக்கத் தெரிந்தவளாக நான் ஒரு காலத்தில் இருந்திருக்கிறேன்.

ஹேமா பிறந்து, வளர்ந்து, பள்ளிக்கூடம் போன பிறகு நம் இருவர் கையிலும் டச் போன் வந்தது. போனின் எழுத்துப் பலகைக்கு அடியிலேயே வரிசை வரிசையாக முகங்கள். நீ முதல் நாள் யானையிலிருந்து ஆட்டோ வரைக்கும் எல்லாவற்றையும் அனுப்பித் தீர்த்தாய். சில வருஷம் கழித்து ஒருநாள், உன் சொந்தக்காரர்களின் வாட்ஸப் குழுவில், இன்றைக்கு எண்ணெய்க் கத்திரிக்காய் குழம்பு என்று தெரிவிக்க, கத்திரிக்காய்ப் படத்தைப் போட்டு நாக்கை நீட்டும் முகத்தையும் சேர்த்திருந்தாய். கல்லூரிக்குப் போகத் தொடங்கியிருந்த ஹேமா ஹாஸ்டலிலிருந்து போன் செய்து கத்தினாளாம்: "அம்மா, அத மொதல்ல அழி. அதுக்கு அசிங்கமா வேற அர்த்தம் கீது." என்ன அர்த்தம் என்று அவளிடம் கேட்க வெட்கப்பட்டு எனக்குப் போன் செய்து கேட்டாய். நான் சொன்னதும், "ஐயையோ, எங்க மாமனாரு அதுக்குக் கட்டவிரலு தூக்கிக் காட்டிக்கீறாரேடி" என்றாய். அன்றைக்கு நாம் சிரித்த சிரிப்பில் கடையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

நம் கடைசிக் குரல் சிரிப்பு அதுதானோ என்னவோ. ஏனென்றால் முகங்கள் கூடக்கூட நாம் பேசுவது குறைந்துவிட்டது. போன் செய்து கேட்க வேண்டியதை ஒரு முகத்தால் கேட்டோம், இன்னொரு முகத்தால் பதில் சொன்னோம். உனக்கென்று ஒரு வழக்கம் வந்தது. மத்தியானம் சமையலறை வேலை முடிந்ததும், நெற்றியில் துளியோடு சிரிக்கும் அந்த முகத்தை அனுப்புவாய். அடுப்புச் சூடு, நகரி வெயில், தகரக்கூரை எல்லாம் அதில் அடக்கம். நான் கண்ணில் நீர் வரச் சிரிக்கும் முகங்கள் மூன்றைத் திருப்பி அனுப்புவேன். என் விரலைவிட என் போனுக்கு அது நன்றாகப் பழகிவிட்டது. உன் பேரைத் திறந்தாலே அதை முதலில் எடுத்து நீட்டும்.

அன்றைக்கு முகூர்த்த அவசரம். ஒரே நாளில் பல கல்யாணம். பத்திரிகையில் மாப்பிள்ளையின் தாத்தா பெயர் விட்டுப்போயிற்று என்று ஒரு குடும்பமே கடையில் நின்று சண்டை போட்டுக்கொண்டிருந்தது. போன் அதிர்ந்தது. வழக்கமான முகம், வழக்கமான நேரம். நான் மூன்று சிரிப்பை அனுப்பினேன்.

மறுபடி அதிர்ந்தது. அதே முகம், அடுத்தடுத்து இரண்டு. நான் அப்போது நினைத்ததை மறைக்க விரும்பவில்லை. 'இவளுக்கு வேற வேலையில்ல' என்று நினைத்தேன். இன்னும் மூன்று சிரிப்பை அனுப்பினேன்.

கொஞ்ச நேரம் கழித்து ஒரு சிவப்பு இதயம் வந்தது.

நீ அப்படியெல்லாம் இதயம் அனுப்புகிறவள் இல்லை. எனக்கு ஒரு கணம் ஆச்சரியமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. பதிலுக்கு இரண்டு இதயங்கள் அனுப்பினேன். தாத்தாவின் பெயரைச் சேர்க்கத் திரும்பிவிட்டேன்.

என் இதயங்களின் ஓரத்தில் குறிகள் சாம்பல் நிறத்திலேயே இருந்தன. நீ பார்க்கவில்லை. சாயங்காலம் கடையில் கூட்டம் ஓய்ந்தபோது எடுத்துப் பார்த்தேன். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவை நீலமாயின. "பாத்துட்டா" என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். உடனே உன் பேரில் அழைப்பு வந்தது. சிரித்துக்கொண்டே எடுத்தேன். உன் வீட்டுக்காரரின் குரல்.

"அம்மா, நீ கொஞ்சம் வாம்மா. இங்க எல்லாம் போயிடுச்சு."

பக்கத்து வீட்டுப் பெண் மாவு வாங்க வந்திருக்கிறாள். சமையலறை வாசற்படியில் நீ விழுந்து கிடந்தாய். புடவை முழுக்க வியர்வையில் நனைந்திருந்ததாம். ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, மாரடைப்பு, வந்து நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டார்கள். உன் வீட்டுக்காரர் புத்தூருக்குச் சரக்கு எடுக்கப் போயிருந்தார். ஹேமா திருப்பதி ஹாஸ்டலில். வீட்டுப் பெரியவர்கள் ஒரு முகூர்த்தத்துக்குப் போயிருந்தார்கள். வீட்டில் நீ மட்டும்தான். கையில் போன். அதில் நான்.

நான் போனபோது உன்னைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். அவர் என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தார்.

"உன்கிட்டதாம்மா கடைசியா பேசிகினு இருந்தா. இத பாரு." உன் போனை என் முன்னால் நீட்டினார். திரையில் உன் முகங்கள், என் முகங்கள். "நான் பயந்துகினு இருந்தேன், தனியா துடிச்சிகினு கிடந்தாளோன்னு. இல்லம்மா. சிரிச்சிகினு இருந்திருக்கா. நீயும் சிரிக்க வெச்சிருக்கே. அன்பாத்தான் போயிருக்கா."

வருகிறவர்களிடம் எல்லாம் அவர் அதையே சொன்னார். தெலுங்கில் சொன்னார், தமிழில் சொன்னார். வயதான ஒரு பெண் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "நல்ல சிநேகிதம்மா. போற நேரத்துல சிரிக்க வெச்ச" என்றார். நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை. தலையை ஆட்டினேன். உன் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டு தலையை ஆட்டினேன்.

இரவு ஹேமா வந்தாள். அழுது ஓய்ந்த பிறகு அப்பாவிடமிருந்து போனை வாங்கிப் பார்த்தாள். மேலே தள்ளினாள், கீழே தள்ளினாள், மறுபடி மேலே. பிறகு பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் ஏதோ கேட்டாள். எழுந்து என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"சித்தி, அம்மாவுக்கு வேர்த்துச்சு" என்றாள். குரலை உயர்த்தவில்லை. "வேர்க்குது, வேர்க்குதுன்னு சொல்லிகினே இருந்திருக்காங்க. அப்புறம் நெஞ்சு."

நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் எழுந்து போய் போனை அப்பாவிடம் கொடுத்தாள்.

மறுநாள் அதிகாலையில் கடைக்கு வந்து உன் கண்ணீர் அஞ்சலிப் போஸ்டரை நான்தான் அடித்தேன். வேறு யாரிடமும் கொடுக்க உன் வீட்டுக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை. தெலுங்குப் பகுதியை நகரியில் ஒருவர் அடித்து அனுப்பினார். தமிழில் உன் பெயருக்கு மேலே என்ன போட வேண்டும் என்று உன் வீட்டுக்காரரே போனில் சொன்னார்: "சிரித்த முகத்தோடு பிரிந்தவர்." எழுத்துப்பிழை வரக்கூடாது என்று இரண்டு தடவை சொல்லிக் காட்டினார். என் கையால் அடித்தேன். எழுத்தைப் பெரிதாக்கினேன். பிரின்ட் கொடுத்தேன். தாளின் சூடு ஆறுவதற்குள் ஆள் வந்து வாங்கிக்கொண்டு போனான். அதற்குப் பிறகு கடைக்குப் பின்னாலிருக்கும் குழாயடியில் போய் நின்றுகொண்டேன்.

காரியத்தன்று அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டு வந்தேன். எனக்குக் கிடைக்கும் மரியாதை என்னால் தாங்க முடிகிறதாயில்லை. சாப்பாட்டுப் பந்தியில் என்னை முதல் வரிசையில் உட்காரச் சொன்னார்கள். நான் எழுந்து அவர் இருக்கும் பக்கம் போனதை ஹேமா பார்த்துவிட்டாள். கிணற்றடியில் வழிமறித்தாள்.

"நைனாகிட்டயா போறீங்க?"

"சொல்லிடறேன் ஹேமா. எனக்கு முடியல."

"வேணாம் சித்தி." அவள் கையில் சாம்பார் வாளி இருந்தது. அதைக் கீழே வைத்தாள். "அவரு அத ஒண்ணத்தான் புடிச்சிகினு இருக்காரு. ராத்திரி தூங்கறதுக்கு முன்னாடி அந்த மெசேஜ எடுத்துப் பாக்கறாரு. உங்களுக்குப் பாரம் கொறையணும்னு அவரு தூக்கத்தக் கெடுக்காதீங்க."

அவளிடமாவது மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். வாளியைத் தூக்கிக்கொண்டு பந்திக்குப் போய்விட்டாள். அவள் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. நான் சொல்ல நினைத்தது உனக்காகவா, அவருக்காகவா? எனக்காகத்தான். இலையில் உட்கார்ந்தேன், பரிமாறியதைச் சாப்பிட்டேன்.

அந்த இதயத்தைப் பற்றி நான் இன்னும் யோசிக்கிறேன். ஹேமா சொன்னதுபோல நெஞ்சு வலிக்கிறது என்றா சொன்னாய்? அல்லது இவளுக்குப் புரியப்போவதில்லை என்று தெரிந்து, கடைசியாக என்மேல் இருந்த பிரியத்தைச் சொன்னாயா? முதலாவது என்றால் நான் உன்னைக் கேட்கவில்லை. இரண்டாவது என்றால் அதற்குத் தகுந்தவளாக அன்றைக்கு நான் இல்லை. எதுவாக இருந்தாலும் எனக்கு ஒளிந்துகொள்ள இடமில்லை. உன்மேல் கோபப்பட்டும் பார்த்தேன். வலிக்கிறது என்று ஒரு வார்த்தை எழுதியிருக்கலாமே, போன் செய்திருக்கலாமே என்று. எழுத்து எழுத்தாகத் தட்ட உனக்கு முடியாமல் போயிருக்கும். அல்லது நீ சொன்னால் எனக்குப் புரியும் என்று நம்பியிருப்பாய். அப்படி நம்புகிறமாதிரி ஒருமுறை நான் பஸ் ஏறி வந்திருந்தேனே.

உன் வீட்டுக்காரர் எனக்கு நாள்தோறும் காலை வணக்கம் அனுப்புகிறார். பூப்படம், அதன் கீழே சிரிக்கும் முகம். நான் "வணக்கம் அண்ணா, சாப்பிட்டீங்களா" என்று எழுத்தில் பதில் எழுதுகிறேன். முகங்கள் அனுப்புவதை நிறுத்திவிட்டேன். கல்யாண வீட்டுக்காரர்கள் பத்திரிகை மாதிரியைப் பார்த்துவிட்டு ஒரு முகத்தை அனுப்பினால், போன் செய்து, "நல்லா கீதா, மாத்தணுமா, வாயால சொல்லுங்க" என்று கேட்கிறேன். கடையில் என்னைக் கிண்டல் செய்கிறார்கள். செய்யட்டும்.

ஹேமா இப்போது சென்னையில் வேலையில் இருக்கிறாள். அவளாக எனக்கு எதுவும் அனுப்பியதில்லை. பண்டிகைக்கு நான் எழுதினால் ஒரு வரி பதில் வரும். போன வாரம் ஒரு மத்தியானம் அவளிடமிருந்து ஒரு முகம் வந்தது. என்ன முகம் என்று சரியாகப் பார்க்கவில்லை. பார்ப்பதற்குள் கை அழைத்துவிட்டது.

"இன்னா சித்தி?" என்றாள், பதறி.

"ஏதோ அனுப்பினியே. உடம்புக்கு ஏதாவதா? வேர்க்குதா?"

"ஐயோ, இல்ல. பிரெண்டுக்கு அனுப்பினது. மாறி உங்களுக்கு வந்துச்சு."

"நெஜமா?"

"நெஜமாத்தான். ஆபீஸ்ல ஏ.சி. கீது, குளுருது."

"சரி. சரிம்மா."

நான் வைக்கப் போனேன். அவள் வைக்கவில்லை. அந்தப் பக்கம் யாரோ பேசிக்கொண்டு போனார்கள். கதவு ஒன்று சாத்தும் சத்தம் கேட்டது.

"அன்னிக்கும் நீங்க இப்படி உடனே போன்..." என்று ஆரம்பித்து ஹேமா நிறுத்திவிட்டாள்.

நான் காத்திருந்தேன். அவள் முடித்தால் கேட்டுக்கொள்ள வேண்டும் என்று போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றேன். கணினியில் யாருடைய கல்யாணமோ பாதி எழுத்தில் மின்னிக்கொண்டிருந்தது.

"சாப்ட்டீங்களா சித்தி?" என்று கேட்டாள்.

"ஆங், சாப்ட்டேன்" என்றேன்.

அவள் முடிக்காமல் விட்ட அந்த வாக்கியத்தை நான் யாரிடமும் கொடுக்கவில்லை. என்னிடமே இருக்கிறது.